இரண்டாவது வளையம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் ராட்டினம். முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பியதும் ராட்டினம். பிரபஞ்சம் ஒரே ஒரு தடவை பிறந்து ஒரே ஒரு தடவை சாகிற சமாசாரம் இல்லை, அது விரியும், களைத்து ஒடுங்கும், ஒடுங்கின இடத்திலிருந்து மறுபடி விரியும், இதற்கு முன்னாலும் ஒன்று இருந்தது, இதற்குப் பின்னாலும் ஒன்று வரும் என்று வாலிபத்திலிருந்து தலை நரைக்கிற வரைக்கும் ஒரே பாட்டைப் பாடினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் விடவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில், துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, காது உடைந்த ஒரு காபிக் கோப்பை.

அவருடைய மருமகளும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவளுடைய கணக்கைப் பார்த்து அசந்துபோய், "இவ்வளவு சுத்தமா கணக்குப் போடுற பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா என்ன?" என்று பெண் கேட்டுப் போனவரே அவர்தான். மகனோ பல் டாக்டர். "அப்பா மேல பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்குதுங்கிறார், நான் வாய்க்குள்ள பார்த்துப் பார்த்து அதே கழுத்து வலி" என்பான். நல்ல பையன். ஒரு சண்டைக்கும் போகமாட்டான், ஒரு சண்டையைத் தீர்க்கவும் மாட்டான்.

மருமகள் வீட்டில் அவரை மாமா என்பாள், வேலையில் சார் என்பாள், மனசுக்குள் ராட்டினம் என்பாள். மனசுக்குள் இன்னும் மோசமான பெயர்களும் உண்டு, அவற்றை இங்கே எழுதினால் அச்சுக் கோர்ப்பவர் கோபித்துக்கொள்வார்.

அவர் என்ன தேடினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமான விஷயம் ஒன்றும் இல்லை. மழையே பெய்யாத ஒரு மலை உச்சியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. வானத்தின் மிகப் பழைய வெளிச்சத்தை, பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது கிளம்பி இப்போதுதான் வந்து சேர்கிற வெளிச்சத்தை, அது பிடித்து அனுப்பும். அதை இவர்கள் வானம் முழுவதற்குமான ஒரு படமாக்குவார்கள். கொஞ்சம் சூடான இடம் சிவப்பு, கொஞ்சம் குளிர்ந்த இடம் நீலம், எங்கே பார்த்தாலும் ஒரே திட்டுத்திட்டு. மேஜையை எத்தனை துடைத்தாலும் டம்ளர் வைத்த இடத்தில் ஒரு வட்டம் லேசாகத் தெரியுமே, அந்த மாதிரி, போன சுற்றில் நடந்த பெரிய மோதல்களின் தடம் இந்தப் படத்தில் மங்கலான வளையமாக இருக்கும் என்பது ராட்டினத்தின் கட்சி. அந்த வளையத்தின் அகலம் என்ன, அது எத்தனை மங்கலாக இருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு எப்போதோ எழுதிவிட்டார். வளையம்தான் அகப்படவில்லை.

"அச்சு அதே அச்சுதான், ஆனா ஒவ்வொரு தடவையும் வார்ப்பு கொஞ்சம் மாறும்" என்பார் சாப்பாட்டு மேஜையில், கரண்டியை ஆட்டிக்கொண்டு. "இதே மாதிரி ஒரு வீடு, இதே மாதிரி நாம. ஆனா அச்சு அசல் இப்படியே இருக்காது. இந்தத் தடவை தப்பினது அடுத்த தடவை நடக்கலாம்."

"அப்பாடா!" என்பார் மாமியார். "அடுத்த தடவை நான் பேசாம, உங்களுக்கு முன்னால என்னைப் பெண் பார்த்துட்டுப் போன அந்தத் தபால் ஆபீஸ்காரரைக் கட்டிக்கிறேன். மனுஷர் வீட்டுக்கு வந்தா வீட்டுப் பேச்சுப் பேசுவாராம்."

எல்லோரும் சிரிப்பார்கள். மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாள் நிறையாமல் பிறந்தது. மத்தியானம் வந்தது, விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் போய்விட்டது. கணவன் மருந்துக்கும் ரத்தத்துக்கும் பெரிய டாக்டருக்கும் என்று தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, "தூக்கிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டபோது மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்ப வேண்டாம். அப்புறம்" என்றாள். பயம். தூக்கிவிட்டால் விட முடியாது என்று பயம். நர்ஸ் வெளியே போய்ப் பொட்டலத்தை மாமனார் கையில் கொடுத்தாள். அப்புறம் என்று ஒன்று வரவில்லை.

கணவன் மூச்சு வாங்க ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "உன் கையில இருந்தாளா?" என்றுதான் முதலில் கேட்டான். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு நாக்கு வரும்? இருந்தாள் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினான். "எனக்குத்தான் குடுத்து வைக்கல. உன் கையிலயாவது இருந்துட்டுப் போனாளே" என்று எப்போதாவது, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதோ செருப்பு மாட்டும்போதோ சொல்வான். அவள் ஆமாம் என்பாள். உள்ளே ஒவ்வொரு தடவையும் ஏதோ அறுந்து விழும்.

அந்தப் பொய் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் மாமனாருக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வேறு ஒன்று செய்தார் மகானுபாவர்! அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் வந்து நின்று, "அடுத்த சுற்றுல பிழைச்சுக்குவாம்மா" என்றார். பக்கத்தில் இருந்த ஃபிளாஸ்கை எடுத்து அவர் மண்டையில் போடலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. சரி, துக்கத்தில் உளறுகிறார் என்று அதையாவது விட்டுவிடலாம். மறு வருஷம் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினாரே, அதை எப்படி விடுவது? பிரபஞ்சச் சுழற்சியைப் பற்றிப் பேச வந்தவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் பேத்தி ஒரு சாயங்காலம் மட்டும் இந்தக் கையில் இருந்தாள்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அடுத்த சுற்றில் அவள் வளர்ந்து பள்ளிக்கூடம் போவாள் என்றார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்புறம் கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல். மருமகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைக்காரி வேறு, "எவ்வளவு அழகா சொல்றார், இல்ல?" என்று முழங்கையால் இடித்தாள்.

அன்றைக்கே மருமகள் கறுவிக்கொண்டாள். உமக்கு ஒரு நாள் இருக்கிறது, ராட்டினம்.

அந்த நாளை அவளுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தவர் இயக்குநர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, சிரிச்சமூஞ்சி. வேலையை விட்டு நீக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டே நீக்குவார். அந்தக் கூடத்தில் கள்ளக்குறி என்று ஒரு வழக்கம் இருந்தது. வேண்டும் வேண்டும் என்று தேடுகிறவன் கண்ணுக்கு இல்லாததும் தெரியும், இருப்பது தெரியாமலும் போகும் அல்லவா? அதனால் ஒவ்வொரு முறை வானப்படம் தயாராகும்போதும், குழுவில் ஒருவர், யாருக்கும் தெரியாமல், அதில் பொய்யாக ஒரு குறியைச் செருகிவைப்பார். அதை யார் வைத்தார், எங்கே வைத்தார், எப்படிப்பட்டது என்று இயக்குநருக்கும் வைத்தவருக்கும் மட்டும் தெரியும். மற்றவர்கள் வேலை முழுவதையும் முடித்து, கண்டது இது என்று சபையில் சொன்ன பிறகு, ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கள்ளக்குறியைப் படத்திலிருந்து கழிப்பார்கள். அதற்குத் திறப்பு என்று பெயர். கழித்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் நிஜம். அதற்கு முன்னால் வைத்தவர் வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

"இந்தத் தடவை உன் முறை" என்றார் சிரிச்சமூஞ்சி. "என்ன வைக்கப் போறே?"

"வளையம்."

அவருடைய சிரிப்பு காதுவரைக்கும் போயிற்று. "ராட்டினத்துக்கா?"

"யார் கண்ணுல படுதோ அவங்களுக்கு."

"வை, வை" என்றார். "வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கும்போது நான் எதுக்கு?"

அவள் ரொம்ப நேர்த்தியாகச் செய்தாள். மாமனாரின் கட்டுரையை எடுத்து, அவர் சொன்ன அகலம், அவர் சொன்ன மங்கல், அவர் சொன்ன குளிர்ச்சி, எதிலும் ஒரு நூல் பிசகாமல் வளையத்தை வார்த்து, வானத்தின் ஒரு மூலையில், சட்டென்று கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் பதித்தாள். கண்டுபிடிக்க வேண்டும், ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும், கைதட்டல் வாங்க வேண்டும், அப்புறம் எல்லோர் முன்னாலும் அது காணாமல் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற நேரம், ராட்டினம் ஒரு காலில் மட்டும் செருப்போடு கூடத்துக்குள் ஓடி வந்தார்.

"வளையம்!" என்றார். "பெரிய திரையில போடுங்கப்பா. சீக்கிரம்!"

மருமகள் வாயிலிருந்த ரொட்டித் துண்டை மெல்லாமலே விழுங்கினாள். வந்துவிட்டது, அவளுடைய நாள்! சுவர் முழுவதும் வானப்படம் விரிந்தது. அவர் குச்சியால் ஒரு மூலையைத் தொட்டார். அவளுடைய வளையம்தான். பெற்ற தாய்க்குப் பிள்ளை அடையாளம் தெரியாதா?

"இது ஒண்ணு" என்றார். குச்சி படத்தின் மறுகோடிக்குப் போயிற்று. "இது இன்னொண்ணு."

அங்கேயும் ஒரு வளையம் இருந்தது. கொஞ்சம் சின்னது, இன்னும் மங்கல். ஆனால் வளையம். அதை அவள் வைக்கவில்லை.

அவள் தன் இடத்துக்குப் போய், தான் செருகிய கள்ளக்குறியைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். தவறிப்போய் இரண்டாகப் பதிந்துவிட்டதா என்றால் இல்லை. ஒன்றே ஒன்றுதான். நேரே சிரிச்சமூஞ்சியின் அறைக்குப் போனாள்.

"சார், நான் ஒண்ணுதான் வைச்சேன்."

"தெரியுமே."

"அப்போ அந்த இன்னொண்ணு?"

"நீங்கள்லாம் கண்டுபிடிச்சுச் சொல்லத்தானே சம்பளம் வாங்குறீங்க?" என்று சிரித்தார். "வெளிய மூச்சு விட்டுடாதே. திறப்பு வரைக்கும் உனக்கும் எனக்கும் வாய் கிடையாது."

அந்தப் பதிலில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் குழுக்கூட்டம். வானப்படத்துக்குப் பொறுப்பானவர் ஒரு கறார் பேர்வழி. அவர் எழுந்து, "சார், சந்தோஷப்படாதீங்க. ஒண்ணு கள்ளக்குறியாத்தான் இருக்கும்" என்றார்.

"இருக்கட்டுமே!" என்றார் ராட்டினம். "கள்ளக்குறி எத்தனை வைப்பீங்க? எப்பவும் ஒண்ணு. ஒண்ணு போனா இன்னொண்ணு மிஞ்சுமா மிஞ்சாதா? சின்னப் பிள்ளைக்குத் தெரிஞ்ச கழித்தல் இது."

கறார் பேர்வழி உட்கார்ந்துவிட்டார். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு வானத்தின் மேல் சந்தேகம் வரும், கருவியின் மேல் வரும், தன் கண்ணின் மேலேயே வரும், வழக்கத்தின் மேல் மட்டும் வராது. ராட்டினம் குச்சியை மேஜைமேல் வைத்தார். "ரெண்டும் போயிடுச்சுன்னா, இந்தச் சபையில சொல்றேன், சுழற்சிங்கிற வார்த்தையை என் வாயால இனி சொல்ல மாட்டேன். இந்தக் கட்டடத்துக்குள்ள காலும் வைக்க மாட்டேன். போதுமா?" யாரோ விசில் அடித்தார்கள். சிரிச்சமூஞ்சி தாடையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்காவது எந்த வளையம் பொய், எது நிஜம் என்று குழப்பம். மருமகளுக்கு அந்தக் குழப்பம்கூட இல்லை. முதலாவது தன்னுடையது என்று தெரியும். ஆகவே இரண்டாவது நிஜம். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் அது சந்தேகமில்லாமல் தெரியும். பழிவாங்கப் போனவளின் கையில் இப்படி ஒன்று வந்து விழுந்தால் அவள்தான் என்ன செய்வாள்? வேலையில் உட்காரும்போதெல்லாம் திரையின் மறுகோடியை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வாள். பார்க்கப் பார்க்க மேலே மேலே நம்பிக்கை வந்தது.

வீட்டில் மனிதர் ஆளே மாறிப்போனார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். மாமியார், "கண்டுபிடிப்பு எல்லாம் அப்புறம், முதல்ல இதைத் தபால் ஆபீஸ்காரருக்குச் சொல்லணும், மனுஷர் காத்துக்கிட்டு இருப்பார்" என்றதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது படியேறி வந்து, கொடியின் அந்தப் பக்கம் நின்றார். ஈரப் போர்வைக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஏம்மா, அன்னிக்கு மேடையில அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். "கைதட்டுக்காகச் சொல்லலை. எங்கயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்துச்சு. ஆனாலும் தப்புதான். மன்னிச்சுக்கோ."

அவள் கையில் இருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

"நீ தூக்கலைன்னு உனக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும், தெரியும் எனக்கு" என்றது போர்வைக்குப் பின்னாலிருந்த குரல். "அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன் புருஷன்கிட்டகூட. சொல்லவும் மாட்டேன். வார்ப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும்மா. அடுத்த சுற்றுல நர்ஸ் கேட்டதும் நீ கையை நீட்டுவே."

அவள் அழுதாள். போர்வையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள், ஒன்றுகூட அந்த இடத்தைத் தொட்டதில்லை. இது தொட்டது. ஏனென்றால் இரண்டாவது வளையம் நிஜம். போன சுற்று ஒன்று உண்டு என்றால் அடுத்த சுற்றும் உண்டு. அங்கே ஒரு ஆஸ்பத்திரி, ஒரு நர்ஸ், ஒரு துணிப் பொட்டலம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பமாட்டாள். பகலில், பட்டப்பகலில், கணக்குப் படித்த அந்தப் பெண் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள் என்றால் நம்புவீர்களா?

முதலாவது என்னுடையது மாமா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும் என்பது சாக்கு. முதல் வளையம் மறையும்போது அவருக்குத் திக்கென்று இருக்கும், அடுத்த நிமிஷம் இரண்டாவது அசையாமல் நிற்கும், அப்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பழிவாங்க வைத்த பொறியையே பரிசாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினாள். வாயை மூடிக்கொண்டாள்.

திறப்பு அன்று சாயங்காலம் கூடம் நிரம்பி வழிந்தது. குடும்பத்தாரும் வரலாம் என்று சொல்லியிருந்ததால் மாமியார் நல்ல புடவையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பல் டாக்டர் கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்திருந்தான். ராட்டினம் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் நின்றார். படத்தில் இரண்டு வளையத்தையும் சுற்றி வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள்.

சிரிச்சமூஞ்சி மைக்கைத் தட்டினார். "முதல் கள்ளக்குறியைக் கழிக்கிறோம்" என்றார்.

முதல் என்று ஏன் சொல்கிறார்? மருமகளுக்குச் சுருக்கென்றது. யோசிப்பதற்குள் அவளுடைய வளையம் மறைந்தது. வெள்ளைக் கோட்டுக்குள் வெறும் திட்டுத்திட்டுதான் இருந்தது. கூட்டம் "அடடா" என்றது.

"வழக்கப்படி இதை வைத்தவர் எழுந்து நிற்கணும்" என்றார் இயக்குநர். "வேறு யாரும் இல்லை. அவருடைய மருமகளேதான்."

அவள் எழுந்தாள். மாமியார் வாயைப் பிளந்தார். கணவன் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். ராட்டினம் ஒரு நொடி திகைத்தார், அப்புறம் அவர்தான் முதலில் கைதட்டினார். "சபாஷ்!" என்றார் உரக்க. "அப்போ அது நிஜம்!" என்று மறுகோடியைக் காட்டினார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டாளே, அது அவள் நினைத்த மாதிரியேதான் இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் சிரிச்சமூஞ்சி. "கள்ளக்குறி வைக்கிறவங்களும் மனுஷங்கதானே? தான் வைச்சது தனக்குத் தெரியுங்கிற தைரியத்துல அவங்களும் ஏமாறலாம். அவங்களை யார் சோதிக்கிறது? அதனால இந்தத் தடவை, அவங்களுக்கும் தெரியாம, நானே ஒண்ணு வைச்சேன். அவங்க செஞ்ச அதே வார்ப்பு. கொஞ்சம் சின்னதாவும் மங்கலாவும் ஆக்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."

விசையைத் தட்டினார். இரண்டாவது வளையமும் மறைந்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "குழுவுக்கு வாழ்த்துகள்!" என்றார் இயக்குநர். "ரெண்டையும் ஒண்ணு விடாம பிடிச்சிருக்கோம். கருவி பிரமாதமா வேலை செய்யுதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. எல்லாரும் டீ சாப்பிட்டுட்டுப் போகணும்." கைதட்டல் எழுந்தது. நல்ல பலமான கைதட்டல். ராட்டினத்தின் கைகள் தட்டுவதற்குத் தூக்கின நிலையிலேயே நின்றன, பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கின. மருமகள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மாடிப்படி அறையில் அவர் கோப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் போய் நின்றாள்.

"அளவெல்லாம் எங்கேருந்து எடுத்தே?" என்று கேட்டார், திரும்பாமல்.

"உங்க கட்டுரையிலேருந்துதான், மாமா."

"ஒரு தப்பும் இல்ல. என் ஆயுசுல என் கட்டுரையை இவ்வளவு கவனமா யாரும் படிச்சதில்ல." கோப்பையைத் துணிப்பைக்குள் போட்டார். "மேடையில பேசினேனே, அதுக்காகவா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "ரெண்டாவது என்னுது இல்ல, மாமா. சத்தியமா எனக்குத் தெரியாது. நானும் நம்பினேன். உங்களைவிட அதிகமா நம்பினேன்."

இப்போதுதான் அவர் திரும்பினார். அவளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நம்பினியா?" என்றார். "நல்லது."

காரைக் கணவன் ஓட்டினான், அவள் பக்கத்தில். பின்னால் பெரியவர்கள் இருவரும். மாமியார் யாரையும் சீண்டாமல், தபால் ஆபீஸ்காரரைப் பேச்சில் இழுக்காமல், கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு வந்தார். கடைவீதி முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. கணவனுக்கு மனசு கேட்கவில்லை, அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தான். கண்ணாடியில் அவரைப் பார்த்து, "போகட்டும்ப்பா. வளையம் இல்லைன்னா என்ன? இல்லைன்னு ஆயிடுமா? அடுத்த சுற்றுல பாப்பா வராமலா போயிடுவா?" என்றான்.

"சுற்றெல்லாம் கிடையாதுடா" என்றார் பின்னாலிருந்து. சாதாரணமான குரலில், மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். "சபையில வாக்குக் கொடுத்துட்டேன். இனி எல்லாம் ஒரே தடவைதான். அவ ஒரு தடவைதான் வந்தா." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். மருமகளின் காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்சு வந்தது. "அந்த ஒரு தடவையும் நீ அவளைத் தூக்கலை."

கணவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"தூக்கினேன்னு சொன்னியே" என்றான்.

அவள் மடியில் கிடந்த இரண்டு கையையும் பார்த்தாள். விளக்கு எப்போதோ பச்சையாகிவிட்டது. பின்னாலிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் தெரு முழுவதும் சேர்ந்து அடித்தது. அவன் ஸ்டியரிங்கின் மேல் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பச்சை விழுந்துடுச்சுடா" என்றார் மாமியார், யாருக்கும் கேட்காத குரலில்.